நீலப் பூட்டு

"எவன்டா அந்த நீலப் பூட்டுக்காரன்? இன்னைக்கு என் கையில மட்டும் சிக்கட்டும்!"

மேனேஜர் போட்ட சத்தத்துல மெயின் ஸ்விட்ச் ரூமே அதிர்ந்துபோச்சு. வயர்மேன்கள் நாங்க எல்லாரும் சுவரோட சுவரா ஒட்டி நின்னோம்.

எங்க கட்டட சைட்ல ஒரு வழக்கம். மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலைக்குப் போற ஒவ்வொருத்தனும் அதோட கைப்பிடியில தன் பூட்டை மாட்டிட்டுத்தான் மேல ஏறணும். இறங்கி வந்ததும் அவனவன் பூட்டை அவனவன்தான் கழட்டணும். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாக்கூட கைப்பிடி அசையாது. எவனோ ஒருத்தன் இன்னும் வயர்ல கை வச்சிட்டிருக்கான்னு அர்த்தம்.

எங்க எல்லாருக்கும் சிவப்புப் பூட்டு. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீலம். எப்பப் பாத்தாலும் கடைசியில அதுதான் தனியாத் தொங்கும். கரண்ட் குடுத்து டெஸ்ட் பண்ணாம எங்களால வீட்டுக்குப் போக முடியாது. எத்தனை நாள் சாபம் விட்டிருப்போம்!

அது தொங்கினா எங்க சூப்பர்வைசர் டார்ச்சை எடுத்துக்கிட்டு மாடி மாடியா ஏறுவாரு. "யாராவது இருக்கீங்களா?"ன்னு ஒவ்வொரு ரூமாக் கத்திட்டு வருவாரு. இறங்கி வந்து, எங்களை வெளிய நிக்கச் சொல்லிட்டு, தனியா உள்ள போயி எப்படியோ அதைத் திறந்துடுவாரு.

அந்த நீலப் பூட்டுக்காரனை அவரு ஒரு வார்த்தை திட்டி நாங்க கேட்டதில்லை. அதுவே நான் ஒரு தடவை பூட்டு மாட்ட மறந்ததுக்கு, எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சு, "இன்னைக்கு வேலை இல்லை, போ"ன்னு கேட்டுக்கு வெளிய விட்டாரு.

"அவரு சொந்தக்காரப் பையனா இருப்பான்டா. நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயம்" என்பான் என் கூட்டாளி. எனக்கும் பத்திக்கிட்டு வரும்.

இன்னைக்குக் கட்டடத்தை ஒப்படைக்கிற நாள். முதலாளி கார் வாசலுக்கே வந்தாச்சு. அவரு காலை உள்ள வைக்கும்போது கட்டடம் பூரா விளக்கு எரியணும். காலையில கடைசி இணைப்பு வேலைக்காக மாட்டின சிவப்புப் பூட்டு எல்லாம் கழண்டாச்சு. நீலம் மட்டும் அப்படியே தொங்குது.

"அறுத்துப் போடுங்கய்யா அதை!" என்றாரு மேனேஜர்.

"அறுக்கக் கூடாது சார். மேல ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றாரு சூப்பர்வைசர்.

"மேல என்ன இருக்கு பாக்க? உங்க ஆளுங்க எல்லாரும் இங்கதானே நிக்கிறாங்க?"

"அப்படித்தான் சார் தோணும்."

"முதல்ல அந்தப் பூட்டுக்காரன் பேரைச் சொல்லுங்க. இப்பவே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்."

சூப்பர்வைசர் டார்ச்சைத் தேட ஆரம்பிச்சாரு.

"சொல்ல மாட்டீங்க? அப்ப அவனுக்குப் பதிலா நீங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"போறேன் சார். மாடிக்குப் போயிட்டு வந்து போறேன்."

டார்ச்சை எடுத்துக்கிட்டு விடுவிடுன்னு படியேறிட்டாரு. எவனோ ஒரு பொறுப்பில்லாதவனுக்காக இந்த மனுஷன் வேலையையே விடறாரேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

மேனேஜர் என் பக்கம் திரும்பினாரு. "நீ அறுடா."

ரம்பத்தை என் கையில திணிச்சாரு. மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பூட்டுல ரம்பத்தை வச்சு ரெண்டு இழுப்பு இழுத்திருப்பேன்.

"கை வைக்காதே! மேல ஆள் இருக்கு!"

மாடிப்படியிலிருந்து சூப்பர்வைசர் கத்தினாரு. கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்க இறங்கி வந்தாரு. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, தலையெல்லாம் தூசியோட ஒரு தச்சர்.

"ஹால்ல ஒரு விளக்கு கோணலாத் தொங்குச்சுங்க. வயரைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நேர் பண்ணிட்டிருந்தேன்" என்றாரு தச்சர்.

"உங்களை யாருண்ணே ஏறச் சொன்னது? உங்க பூட்டு எங்க?" என்றேன் நான்.

"பூட்டா? அதெல்லாம் யாரும் சொல்லலையே தம்பி. முதலாளி வர்றதுக்குள்ள முடின்னு மேனேஜர் சார்தான் ஏத்திவிட்டாரு."

மேனேஜர் முகத்துல ஈயாடலை. தான் ஏத்திவிட்ட ஆளையே அவரு மறந்துட்டிருந்தாரு. பக்கத்துல கிடந்த கேபிள் சுருள் மேல அப்படியே உக்காந்துட்டாரு. வாசல்ல முதலாளி காத்திருக்கறது அவருக்கு ஞாபகத்துலயே இல்லை.

அடங்கின குரல்ல சொன்னாரு.

"அந்த நீலப் பூட்டுக்காரனைக் கூப்பிடுங்க. அவன் மறந்துட்டுப் போனதாலதான் இன்னைக்கு ஒரு உயிர் தப்பிச்சுது. அவன் கையைப் பிடிச்சு நான் நன்றி சொல்லணும்."

சூப்பர்வைசர் சட்டைக் காலருக்குள்ள கையை விட்டு, கழுத்துல நூல்ல கட்டியிருந்த சாவியை வெளிய எடுத்தாரு. நீலப் பூட்டைத் திறந்தாரு. நான் ரம்பம் வச்ச இடத்தைச் சட்டை நுனியால துடைச்சாரு.

"அவன் வர மாட்டான் சார். தினமும் இதை மாட்டறது நான்தான். இது என் பையனோட பூட்டு. போன சைட்ல என்கிட்டதான் வேலை பாத்தான். ஒரு நாள் இதை மாட்டாம, பையிலயே வச்சுக்கிட்டு மேல ஏறிட்டான்."

நான் ரம்பத்தைக் கீழ வச்சேன்.

"பூட்டு ஒண்ணும் தொங்கலையேன்னு, மேல போயி ஒரு தடவை பாக்காம அன்னைக்கு மெயினைப் போட்டது நான்தான் சார்."