கார்டில் இல்லாதது

14 மார்ச், வெள்ளி.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. ‘எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன்.

திருத்தம்: ஒன்றைத் தவிர.

மாலை வகுப்பில் வேதியியல் சார் சொன்ன முறை இது. தவறை அடிக்கக் கூடாது. கீழே சரியானதை எழுத வேண்டும்.

ஒப்படைத்தவை: அடையாள அட்டை. லாக்கர் சாவி. வெள்ளைக் கோட்டு, துவைத்து மடித்தது. சாயப்பட்டறை லேபின் ஷேடு கார்டுகள், எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்று எழுதியவை, இருநூற்றுப் பன்னிரண்டு.

ராஜினாமாக் கடிதத்தில் ‘சிறுநீரகம் செயலிழந்ததால்’ என்று எழுதியிருந்தேன். ஆபீசில் வாங்கவில்லை. ‘சொந்தக் காரணங்களால்’ என்று மாற்றிக் கொடுத்தேன்.

ஒப்படைக்காதது என் நாக்கில் இருக்கிறது.

லாரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். துப்பிவிடுவேன். உப்பு எவ்வளவோ அதற்கேற்ப, கார்டில் உள்ள மஞ்சளைக் குறைப்பேன். குறைக்காவிட்டால் நீலம் பச்சையாகிவிடும்.

தண்ணீரைச் சோதிக்கும் மீட்டர் பழுதாகி எட்டு மாதம். இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். துணி சரியாகவே வந்துகொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் எனக்கு அனுமதி. துப்பிய சொட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்தே வந்தேன். தேவையில்லைதான்.

எல்லாக் கார்டின் அடியிலும் சாய மாஸ்டர் நாச்சிமுத்துவின் கையெழுத்து.

ஜனவரியில், டயாலிசிஸ் முடிந்த மறுநாள், உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“கார்டப் பாத்து ஊத்தற வேலைக்கு ஸ்டூலு வேறயா? நீ இல்லீன்னா எவளோ ஒருத்தி ஊத்தீட்டுப் போறா.”

நின்றுகொண்டே ஊற்றினேன். இரண்டு மாதம்.

நேற்று கார்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு கேட்டார். “வேற ஏதாச்சும் இருக்குதா புள்ள?”

“இல்லீங்க மாஸ்டர். எல்லாம் கார்டுலயே இருக்குதுங்க.”

குரல் நடுங்கவில்லை. அதை எண்ணி நேற்று நன்றாகத் தூங்கினேன்.

இன்று லாரி வந்திருக்கிறது.

வகுப்புக்குக் கிளம்பும்போது ஜெபராணி அழைத்தாள். என் இடத்துக்கு வந்திருப்பவள். தூத்துக்குடிப் பக்கம். என்னைவிட ஒரு வயது பெரியவள், ஆனாலும் அக்கா என்பாள்.

“யக்கா, லாட்டுத் துணி பூராவும் பச்சையடிச்சுட்டுக்கா. கார்டுல உள்ளத அப்படியேதான் போட்டேன். மாஸ்டர் கத்துதாரு. இன்னொண்ணு இப்படி வந்தா பெட்டியக் கட்டிட்டு ஊருக்கு பஸ் ஏறுங்காரு.”

முதலில் வந்தது சந்தோஷம். அடிக்காமல் அப்படியே எழுதி வைக்கிறேன்.

“மாஸ்டர் என்ன சொன்னாரு?” என்று மறுபடியும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் கத்தியதை அவள் வாயால் இன்னொரு முறை கேட்க ஆசை.

அவள் அழத் தொடங்கினாள்.

கணக்கு தப்பிவிட்டது. அடி அவர்மேல் விழும் என்று நினைத்தேன். அவர் நகர்ந்துகொண்டார். இவள் நிற்கிறாள். உட்கார இவளுக்கும் ஸ்டூல் இல்லை.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தேனா, யோசித்தும் ஒதுக்கினேனா? தெரியவில்லை.

மாஸ்டரின் எண்ணை எடுத்தேன். ஒரே நிமிடம் பேசினால் போதும். லாரித் தண்ணீர், உப்பு, மஞ்சள். நாளைக்கே கார்டுகளில் ஏறிவிடும். அடியில் அவர் கையெழுத்தும் ஏறிவிடும். அதன்பிறகு ஜெபராணி இருந்தால் என்ன, போனால் என்ன?

அழைக்காமலே போனைக் கீழே வைத்தேன்.

இது கார்டில் ஏறாமல் அவள் நாக்கில் மட்டும் இருக்கும்வரைதான் அவளை அனுப்ப முடியாது. என்னைப் போகவிட்டபோது, கார்டில் இல்லாத ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. இனி ஒவ்வொரு லாரிக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வகுப்புக்குப் போகவில்லை. இதுவும் பிழைதான், குறித்துக்கொள்கிறேன்.

நாளை, சனி. காலை ஏழு மணி. ஷிப்டுக்கு முன் பஸ் நிறுத்தத்தில் ஜெபராணியைப் பார்க்க வேண்டும். மூன்று பாட்டிலில் மூன்று விதமாக உப்புப் போட்ட தண்ணீர். அவள் நாக்குக்குப் பழகும்வரை திரும்பத் திரும்ப. டயாலிசிஸ் பத்து மணிக்குத்தான், நேரம் போதும்.

காகிதமும் பேனாவும் எடுத்துப் போகக் கூடாது.