மீட்டர் லைட்

"மூணாவது ஃபியூஸும் போட்டாச்சு. இப்பத் தட்டுங்க மாமா!"

டிரைவர் சுவிட்சைத் தட்டினார். பழைய பிக்கப் வண்டியின் மீட்டர் போர்டு கருங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. கண்ணாடிகளைச் சாக்கு போட்டு மூடியிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் வந்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

"சனியன் புடிச்ச வண்டி!" என்று ஸ்டீயரிங்கை ஓங்கி அடித்தார்.

எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே இழுத்தான். அவன் டிரைவருக்கு மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. காலையிலிருந்து மல்லாந்து கிடந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பல்பு எல்லாம் புதுசு, எர்த் ஒயர் முனையைச் சுரண்டிப் போட்டாயிற்று, சுவிட்சும் மாற்றியாயிற்று.

"எப்ப மாமா போச்சு?"

"பொசுக்குனு போகல மாப்ள. ஆறு மாசமா மங்கிக்கிட்டே வந்துச்சு. இந்த வாரம்தான் சுத்தமா அவுட்டு."

"ஆறு மாசமா சொல்லாம என்ன பண்ணீங்க?"

"வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு…"

அந்த ஓட்டத்துக்குத்தான் இப்போது ஆபத்து. விடிவதற்கு முன்னால் இருட்டோடு கிளம்பிப் பால் கேன் ஏற்றிப் போகிற வேலை. பதினேழு வருஷமாக இந்த வண்டிதான். போன வாரம் எஞ்சின் கொதித்து, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதை அவர் பார்க்கவில்லை. நடுவழியில் வண்டி நின்று அத்தனை பாலும் திரிந்து போயிற்று. லைட்டு மங்கல், முள் தெரியவில்லை என்றார்.

பால் பண்ணை மேனேஜர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வண்டி வரும்போது மீட்டர் லைட் எரிய வேண்டும். இல்லையென்றால் லோடு வழுக்கையன் வண்டிக்கு. வழுக்கையன் இன்னொரு டிரைவர். இந்த லோடுக்காக இரண்டு வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறவன்.

அக்கா டீயோடு வந்தாள். "என்னடா, நடக்குமா நடக்காதா? இன்னும் எவ்வளவு நேரம் இந்த மனுசனை அதுக்குள்ளயே உக்கார வச்சிருப்ப?"

"எனக்கே நம்பிக்கை போயிருச்சுக்கா."

"அப்ப விட்டுத் தொலைங்க ரெண்டு பேரும்."

"விட்டுத் தொலைச்சுட்டு? எனக்கு வேற என்ன தெரியும்?" டிரைவரின் குரல் உடைந்தது. அவர் இப்படிப் பேசி மச்சினன் ஒரு நாளும் கேட்டதில்லை. "மேனேஜர் கால்ல விழுந்தாவது ரெண்டு நாள் தவணை கேக்குறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற தெருக்கோடிக்கு நடந்தார்.

எலக்ட்ரீஷியன் மறுபடி உள்ளே நுழைந்தான். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மீட்டரையே கழற்றி வெளியே இழுத்தான். பின்னால் ஒயர்க் கட்டின் மேல் டேப் சுற்றியிருந்தது. முப்பது வருஷத்து டேப், தொட்டாலே பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஒரு சுற்று மட்டும் பளபளவென்று புதுசு.

பிரித்தான். உள்ளே சிவப்பு ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. தானாக அறுந்ததல்ல, கத்தரியால் வெட்டியது.

"அக்கா! ஓடி வா! கெடச்சிருச்சு!"

இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தான். போர்டு முழுக்கப் பச்சையாகக் குப்பென்று எரிந்தது.

"எவனோ வெட்டியிருக்கான்க்கா! வேற எவன், அந்த வழுக்கப் பயதான்! இரு, இதை முறுக்கி விட்டுட்டு நேரா அவன் வீட்டுக்குத்தான் போறேன். அவன் சட்டையைப் புடிச்சு உலுக்கல…"

அக்கா வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை விலக்கினாள். வெளிச்சம் அணைந்தது.

"அவனை ஒண்ணும் சொல்லாத. வெட்டினது நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமா? எப்ப வெட்டின?"

"உன்னைக் கூப்பிடப் போறேன்னு அவரு சொன்ன அன்னிக்கு. நீ வந்து பாக்குறதுக்குள்ள."

"மாமா உசுரே இந்த ஓட்டத்துலதான்க்கா இருக்கு!"

"எனக்குத் தெரியாதாடா? பதினேழு வருஷமா அவரு கூடவே எந்திரிச்சு அனுப்பி வைக்கிறவ நான்." அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வண்டி கெட்டுப்போச்சுன்னா வண்டியைத் திட்டிக்கிட்டு வீட்ல கெடப்பாரு. அது போதும் எனக்கு. சேக்காதடா, உன் கால்ல விழுறேன்."

சாக்கின் இடுக்கு வழியாகப் பார்த்தான். தெருக்கோடியில் டிரைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே யாருமில்லாமலே ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மங்கலோ கிங்கலோ, அந்த வெளிச்சத்தை வச்சு ஓட்டிக்கிட்டுத்தானே இருந்தாரு! அதையும் வெட்டிப் போட்டுட்டியே, பாவி!"

அக்கா மெல்லச் சொன்னாள்:

"அந்த லைட்டு ஒரு நாளும் மங்கவே இல்லடா."