கிரைண்டர் ஓடாத காலை

முப்பத்தெட்டு சதவீதத்தில் வந்து நின்றுகொண்டது.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே முறைத்தான். முறைத்தால் நகரும் என்று யார் சொன்னார்களோ.

புது ஹார்ட் டிஸ்க். பழையதைப்போல் நாலு மடங்கு பெரிசு. பழையதை அப்படியே நகலெடுத்ததால் சி டிரைவ் மட்டும் ஒற்றை அறைக் குடித்தனமாகவே இருந்தது. கூடுதல் இடமெல்லாம் டி டிரைவுக்கு அப்பால் பொட்டலாகக் கிடந்தது. டி-யை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு சி-யை அகலப்படுத்த வேண்டும்.

இதுக்கெல்லாம் கடைக்கா தூக்கிக்கொண்டு போவார்கள் என்று மார்தட்டியது அவன்தான்.

நடுவில் கரண்ட் போகக்கூடாது. போனால் எல்லாமே போச்சு. திரையிலேயே சிவப்பெழுத்தில் போட்டிருந்தது.

எல்லாமே என்றால், அவன் மனைவி எழிலரசியின் ஆராய்ச்சி. நெல்வயல் சிலந்திகள். வருஷக்கணக்காகச் சேற்றில் நின்று எடுத்த படங்கள், எழுதி முடித்த ஆய்வேடு. புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

பேக்கப் எடுத்தாச்சா என்று அவள் நேற்றே கேட்டாள். எடுத்தாச்சு, எடுத்தாச்சு என்றான்.

எடுத்துத்தான் இருந்தான். டி டிரைவில்.

அதே டிஸ்க்கின் டி டிரைவில்.

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய புத்திசாலி. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழைய டிஸ்க் இருக்கிறதே என்று ஒரு நொடி தைரியம் வந்தது. அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே, தன்னிடம் இருந்ததையெல்லாம் புதியதில் கொட்டிவிட்டு, நேற்றே கண்ணை மூடிவிட்டது.

சமையலறையில் பாத்திரம் உருண்டது.

அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை. மாவரைக்கிற நாள்.

அந்த வாடகை வீட்டில் கிரைண்டரைப் போட்டால் பாதி நாள் பியூஸ் போய்விடும். யூபிஎஸ் பேட்டரியோ செத்து மாதக்கணக்காகிறது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவனும் அவனேதான்.

கிரைண்டர் போடாதே என்று ஒரு குரல் கொடுக்கலாம். கொடுத்தால் ஏன் என்பாள். அதான் பேக்கப் இருக்கே என்பாள்.

அரிசி களையும் சத்தம்.

தண்ணீர் வடிக்கும் சத்தம்.

அடுத்தது சுவிட்ச்தான். அவன் வேண்டாத தெய்வமில்லை.

திரை முப்பத்தொன்பது என்றது.

மானம் போனால் போகட்டும், அவளுடைய உழைப்பு போகக்கூடாது. சொல்லிவிடலாம் என்று எழுந்தான்.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

ஜன்னல் வழியே பார்த்தான். எழிலரசி ஊறவைத்த அரிசிக் குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் உளுந்துக் கிண்ணம்.

தொப்பென்று நாற்காலியில் விழுந்தான்.

ஐம்பது.

எழுபது.

தொண்ணூற்றொன்பதில் ஒரு யுகம்.

பிறகு முடிந்தது. அணைத்து மறுபடி ஆன் செய்தான். சி டிரைவ் கல்யாண மண்டபம் மாதிரி அகன்று கிடந்தது. ஆய்வேட்டைத் திறந்து கடைசிப் பக்கம்வரை உருட்டினான். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எந்தச் சிலந்திக்கும் ஒரு கால்கூடக் குறையவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணை லுங்கி நுனியில் துடைத்துக்கொண்டான்.

அரைத்த மாவோடு எழிலரசி வந்தாள். கன்னத்தில் ஒரு பொட்டு மாவு. முடிஞ்சுதா என்றாள். எல்லாம் அப்படியே இருக்கு என்றான்.

அவள் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குண்டானை மேசைமேல் வைத்தாள். தாலிச் செயினை வெளியே இழுத்தாள். அதில் ஊக்குகளோடு ஊக்காக ஒரு சிவப்புப் பென்டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி மேசை டிராயருக்குள் போட்டாள்.

அவன் டிராயரையே பார்த்தபடி நின்றான்.

அவள் குண்டானைத் தூக்கிக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்று திரும்பினாள்.

"இப்ப மிக்சி போடலாமாங்க?"