கூட வந்தவள்

"ஏம்மா, வயசுல பெரியவங்க நீங்க. நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சேர்த்து வைக்காம, மகளை நீங்களே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரலாமா?"

மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் தாரணி கேட்டதும் சலேத்மேரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவ வரமாட்டேன்னுதாங்க சொன்னா. வெள்ளனே மொத பஸ்ஸுல கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தது நான்தான்."

பக்கத்தில் ஷர்மிளா, மடியில் தூங்கும் கைக்குழந்தை. வில்பட்டியிலிருந்து வரும்போது தலையைச் சுற்றிக் கட்டிய ஸ்கார்ஃபை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்குள்ளே இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது.

எதிர் பெஞ்சின் ஓரத்தில் அவள் புருஷன் ரீகன். கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அவனுக்குத் துணையாக அவன் மாமா இன்னாசிமுத்து வந்திருந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர், பேச்சுக்குக் குறைவில்லை.

"மேடம், சின்னஞ்சிறுசுக. குடிச்சிட்டுக் கை நீட்டிட்டான், தப்புதான்," என்றவர், சலேத்மேரி பக்கம் திரும்பினார். "ஆனா அக்கா, பீடத்துக்கு முன்னாடி வச்சுக் கட்டுன தாலி. சாமி குடுத்த சிலுவைன்னு இந்தப் பொண்ணு சுமந்துதானே ஆகணும்?"

"சிலுவையைப் பத்தி நீ பேசாத இன்னாசி," என்றாள் சலேத்மேரி. "ஆண்டவர் சுமந்தாரு, ஒத்துக்கிறேன். அதுக்காக அவரைச் சாட்டையால அடிச்சவனை இன்னைக்கு வரைக்கும் யாராச்சும் நல்லவன்னு சொல்லியிருக்காங்களா? நீ யார் பக்கம் நிக்கிறேன்னு மொதல்ல பாத்துக்க."

பின்னால் நின்ற பெண் போலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இன்னாசிமுத்து மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

ரீகன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "அம்மா, இனிமே தொடமாட்டேன். சத்தியமா."

யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னான். சலேத்மேரி அவன் பக்கம் திரும்பப் போனாள், திரும்பவில்லை. அவள் ஷர்மிளாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதே சத்தியத்தை ஈஸ்டர் அன்னைக்கும் பண்ணுனான். அந்த வாரமே இவ கையை முறுக்கிட்டான்."

தாரணி பெருமூச்சு விட்டாள். "எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதாம்மா. உங்க காலத்துல நீங்க பொறுத்துப் போகலையா?"

"போனேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடுற வரைக்கும் வாங்கினேன். முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டுப் பூசைக்குப் போவேன். பொறுமைசாலின்னு ஊரே மெச்சுச்சு. அதையெல்லாம் பாத்துக்கிட்டே ஒரு பிள்ளை வளந்துச்சுங்க. அது வேற என்னத்தைக் கத்துக்கும்?"

ஷர்மிளா விசும்பினாள். "போதும், போயிரலாம்..."

"அழுவாத தாயி. அழுக வேண்டியது நீ இல்ல."

சலேத்மேரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"போன மழைக்கு நான் படுக்கையில விழுந்தேங்க. எந்திரிச்சு ஒதுங்கக்கூட முடியல. ஒரு நாள் மூஞ்சி சுளிக்காம என்னை அள்ளி எடுத்துக் கழுவி விட்டவ இவ. ராத்திரி செபத்துல இவளை எனக்குக் குடுத்ததுக்குத்தான் மொதல்ல நன்றி சொல்லுவேன். வாயால நன்றி சொல்லிட்டு, இவ அடி வாங்கும்போது நான் செபமாலையை உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, அந்த நன்றியைச் சாமி காதுல வாங்குவாரா?"

ஜன்னலுக்கு வெளியே பனி கலைந்து சாலை தெரிந்தது.

"சரி, கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு இவ எங்க இருப்பா?" என்று கேட்டாள் தாரணி.

"என் வீட்டுலதான். நான் பாத்துக்கிறேன். அந்த வீட்டு வாசப்படியை இனி அவன் மிதிக்கக் கூடாது. மிதிச்சா அப்பவும் இங்கதான் வருவேன்."

"அக்கா!" இன்னாசிமுத்து எழுந்தே விட்டார். "ஊர்ல தலை காட்ட முடியுமா? கோயில்ல நாளைக்கு நம்மளை என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். முன் பெஞ்சுலயே போய் உக்காருவேன். கேக்கிறவங்க என் மூஞ்சியைப் பாத்துக் கேக்கட்டும்."

தாரணி குரலைத் தாழ்த்தினாள். "கேஸ் போட்டா அவரு உள்ள போவாரும்மா. பின்னாடி மனசு மாறி அழக்கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

சலேத்மேரி கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். திறந்தபோது கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"போடுங்க. அழுதா நான் அழுதுக்கிறேன். அவன் அடிச்சதைக் கண்ணால பாத்தவ நான். எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

தாரணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, தன் கையாலேயே டீ கிளாஸை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இங்க வர்ற பொண்ணுங்கள்ல பாதிப் பேரை, அனுசரிச்சுப் போன்னு திருப்பி அனுப்புறதே அவங்களைப் பெத்தவங்கதாம்மா. ஷர்மிளா குடுத்து வச்சவ. பெத்த அம்மான்னா உங்களை மாதிரி இருக்கணும்."

சலேத்மேரி டீயை வாங்கி ஷர்மிளாவின் கையில் கொடுத்தாள்.

"இவளைப் பெத்த புண்ணியவதி யாரோ, அவ எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க," என்றாள். "நான் பெத்தது, அந்தா பெஞ்சு ஓரத்துல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க... அவனை."