தென்கரைப் பதிப்பு

“பிரிக்காதே மச்சான்! ஒரு கட்டைக்கூடப் பிரிக்க விடாதே!”

பதிப்பகத்தின் கிடங்குக்காரர் போனில் போட்ட சத்தத்தில், பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பிரிச்சாச்சே மாமா,” என்றான் மறுமுனையில், தென்கரைக்கு வேன் ஓட்டிப்போன அவர் மனைவியின் தம்பி. “காலேஜ் மேடையில அடுக்கியே வச்சுட்டாங்க. நீல அட்டை, பார்க்க அம்சமா இருக்கு.”

நீலம்! கிடங்குக்காரர் காகிதக் கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

நீலம் வடகரைக்கு, சிவப்பு தென்கரைக்கு. போர் ஓய்ந்து பத்து வருஷமாகியும் ஆற்றின் இரு கரைக்காரர்களும் ஒரே வரலாற்றைப் படிக்கத் தயாராக இல்லை. அதனால் ‘உள்நாட்டுப் போர்: ஒரு சுருக்கம்’ இரண்டு பதிப்பாக வந்தது. கரைக்கொரு நியாயம், கரைக்கொரு அட்டை. எழுதியவர் மட்டும் ஒரே பேராசிரியர்.

கட்டுகளின்மேல் ஊர்ச் சீட்டு ஒட்டியது கிடங்குக்காரர்தான். சற்றுமுன் உள்ளூர்க் கடைக்காரர் கூப்பிட்டு, “சிவப்பு அட்டை வந்திருக்கே?” என்று கேட்டபோதுதான், சீட்டுகளை மாற்றி ஒட்டியது அவருக்கு உறைத்தது.

“டேய், உன்கிட்ட இருக்கறது நம்ம வடகரைப் பதிப்புடா. அவங்க நம்ம ஆஸ்பத்திரியைக் கொளுத்தினது, பாலத்துல ஆளுங்களை நிக்கவச்சுச் சுட்டது எல்லாம் அதுல பக்கம் பக்கமா இருக்கும். அதைக் கொண்டுபோய் அவங்க ஊர் மேடையிலயே வச்சிருக்கே!”



“மாமா, இங்க முந்நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. முன்வரிசை முழுக்கப் பழைய பட்டாளம்.”

“சத்தம் போடாம வேனை எடுத்துட்டு வந்துடு.”

“வேனை மறிச்சு பிரின்சிபால் காரை நிறுத்தியிருக்காரு.”

“அச்சுப் பிழைன்னு சொல்லித் திருப்பி வாங்கு.”

“என்ன பிழைன்னு கேட்டா?”

“முழுக்கப் பிழைன்னு சொல்லு!”

“பேசாம போரே நடக்கலன்னு சொல்லிடவா?” என்றவன் குரலைத் தாழ்த்தினான். “ஐயோ மாமா, பிரின்சிபால் ஒண்ணை எடுத்துப் பிரிக்கிறாரு...”

இணைப்பு அறுந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. போன வருஷம் தென்கரைச் சந்தையில் யாரோ வடகரையின் பழைய போர்ப்பாட்டொன்றை முணுமுணுத்ததற்கே கையை உடைத்து அனுப்பியிருந்தார்கள். இவனுக்கு ஒன்று என்றால் வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது?

அவர் முதலாளியின் அறைக்கு ஓடினார். உள்ளே முதலாளியும் பேராசிரியரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பதினோரு வருஷப் போரை நூத்திருபது பக்கத்துல அடக்கியிருக்கோம்யா! பஸ்ல ஏறும்போது பிரிச்சா இறங்கும்போது முடிஞ்சிடும். படம் இருக்கு, எழுத்து பெருசு. ஏன் அடிச்சிக்கிட்டாங்கன்னு மட்டும் இல்லை, அதுக்கு இடம் பத்தலை. இப்படி ஒரு புத்தகத்தைக் குட்டிச்சுவராக்கிட்டியே!”

“ரெண்டையும் படிச்சீங்களா முதலாளி? ரொம்பக் கடுமையா இருக்குமா?”

“நான் புத்தகம் போடறவன்யா. படிக்க எனக்கு ஏது நேரம்?”

“சார், நீங்களாவது சொல்லுங்க,” என்று கிடங்குக்காரர் பேராசிரியரிடம் திரும்பினார். “அந்தப் பிரின்சிபாலுக்குப் போன் போட்டு எதையாவது சொல்லி அவனைக் காப்பாத்துங்க சார். என் பொண்டாட்டிக்கு இருக்கறது ஒரே தம்பி.”

பேராசிரியர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். “பதறாதேய்யா. ஒண்ணும் ஆகாது,” என்றார்.

என்ன கல்நெஞ்சம் இந்த மனுஷனுக்கு! எழுதியவன் நாற்காலியில், ஏற்றிக்கொண்டு போனவன் சாவின் வாயில். கிடங்குக்காரருக்கு அந்த டீயைப் பிடுங்கி அவர் தலையிலேயே கொட்டலாம் போலிருந்தது.

போன் அடித்தது. எடுத்ததும் காதைக் கிழிக்கும் இரைச்சல்.

“மச்சான்! அடிக்கிறாங்களாடா?”

“கை தட்டுறாங்க மாமா!”

“என்னது?”

“பிரின்சிபால் மைக்ல மூணு பக்கம் படிச்சாரு. முன்வரிசையில ஒரு பெரியவர் எழுந்து நின்னு குலுங்கிக் குலுங்கி அழறாரு. ‘நம்ம ஆஸ்பத்திரியை அந்தப் பாவிங்க கொளுத்தினதை இப்பதான் ஒருத்தன் உள்ளபடி எழுதியிருக்கான்’ங்கறாரு. மொத்தக் கட்டும் காலி. இன்னும் இருநூறு வேணுமாம்!”

கிடங்குக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேராசிரியரைப் பார்த்தார்.

பேராசிரியர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். “நான் எழுதினது ஒரே புத்தகம்தான்யா, அட்டைதான் வேற. ‘நம்மவர்’, ‘எதிரி’ன்னு மட்டும் போட்டேன். ரெண்டு பேரும் பண்ணது அச்சு அசலா ஒண்ணா இருக்கும்போது, வடகரை தென்கரைன்னு பேரு வேற எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?”