அவரைக்குக் கட்டிய கயிறு

மாடியில் அவரைக்கொடிக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் துணி காயப்போட்ட மகராசன் யாரென்று எனக்குத் தெரியும்.

பூத்த கொடி சுடுதரையில் கிடந்தது. ஒற்றைக் காதால் ஆணியில் தொங்கிய சந்தைப்பை சிரித்தது. "என்னடி, உடைஞ்ச வாளியில நின்னுக்கிட்டு ஒரு வீட்டுக்கே சோறு போடப் போறியா?"

"மூணு வாரமா அவரைக்காய் வாங்க உன்னை யாராவது தூக்கிட்டுப் போனாங்களாக்கா?" என்று கேட்டது கொடி.



கொடி அருகிலிருந்த துடைப்பத்தைச் சுற்றி எழுந்தது. காற்றில் துடைப்பம் சரிய, கொடியும் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே மறுபடி தலையைத் தூக்கியது.

"ரோசக்காரிதான்டி நீ! இந்தா, என் மறுகாதைப் பிடிச்சுக்கோ" என்றது பை.

நைந்த பை எத்தனை நாள் சுமக்கும்? கொடியில் மறுபடியும் பிஞ்சு விட்டாச்சு. ஐயா, உங்கள் வேட்டி எங்கே போட்டாலும் காயும். அந்தக் கயிற்றை இன்றைக்கே திரும்பக் கட்டுங்கள்!