மந்திரி பேசுற இங்கிலீஷ்

ஓயாமல் அடித்த கைப்பேசியைத் துண்டித்துவிட்டுக் கதவைத் திறந்தார், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் தனபாலன்.

"அட, பக்கத்து வீட்டு இங்கிலீஷ் டீச்சர்! நல்ல நேரத்துல வந்தீங்க. உக்காந்து ஒரு லெட்டர் அடிங்க."

"சார், பதினோரு மணிக்குக் கிள்ளான்ல எனக்கு இன்டர்வியூ. நான் வந்தது..." என்றாள் கோமளா.

"அஞ்சே நிமிஷம்லா! கண்ட இடத்துல கார் போட்டு வழிய மறிக்கிறாங்கன்னு மாநகர் மன்றத்துக்கு எழுதணும்."

"மறிக்கிறதுக்கு பிளாக்னு போடவா?"

"அது சாக்கடைக்குச் சொல்றது."

"அப்ஸ்ட்ரக்ட்?"

"போலீஸ்காரன் வார்த்தை."

"ஹேம்பர்?"

"அது தீபாவளிக்குக் குடுக்கிற பரிசுக் கூடை!"

"இம்பீட்?"

"ஆஹா! மந்திரியே பேசுற மாதிரி இருக்கு. உதாரணத்துக்கு ஒரு கார் நம்பரும் போட்டு, ஈமெயில்ல தட்டிவிடுங்க."

யோசிக்காமல் ஒரு நம்பரை அடித்து அனுப்பிவிட்டு எழுந்தாள் கோமளா.

"ஆமா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"என் கார வெளிய எடுக்க முடியல சார். பின்னாலயே ஒருத்தர் டபுள் பார்க்கிங் போட்டிருக்காரு. அவர் கார் கண்ணாடியில வெச்சிருந்த போன் நம்பருக்கு ஆறு தடவ அடிச்சேன், கட் பண்ணிட்டாரு."

"எவன் அந்த அறிவுகெட்டவன்?"

"லெட்டர்லயே அவர் கார் நம்பர் இருக்கு சார்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்த தலைவர், தன் கார் சாவியைத் தேடினார்.